அச்சத்துக்கு யார் பொறுப்பு? முத்துக்குளித்துறையிலிருந்து மனவடுவின் வரலாறு

தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையில் ஒரு காலத்தில் கடல்கட்டி என்றொரு வேலை இருந்தது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் அவர். அவர் ஓதி முடித்தால்தான் முத்துக் குளிகாரர்கள் சிப்பிப் பாரில் இறங்குவார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போனது என்கிறார். பகலில் போட்ட கட்டை மாலையில் அவிழ்த்துவிடுவார்களாம், இரவில் எவனும் திருட்டுத்தனமாகக் குளித்துவிடக் கூடாது என்று. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்து எதிர்க்கரையில், இலங்கைப் பக்கம், முத்துக்குளிப்பை நடத்திய பிரிட்டிஷ் அரசும் கடல்கட்டிகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. 1807இல் இலங்கை பற்றிய தன் நூலை வெளியிட்ட ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார் அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்றே குறிப்பிடுகிறார். ஆனால் அவர்கள் இல்லாமல் குளிப்பு நடக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு எமர்சன் டென்னன்ட் எழுதியபோது கடல்கட்டியாக இருந்தவர் ஒரு கத்தோலிக்கர். மதம் மாறியும் மந்திரத்தின் மேல் குளிகாரர்களுக்கு இருந்த நம்பிக்கை குறையவில்லை.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பல பாகம் ஆழத்துக்கு இறங்கும் ஒருவனுக்கு வருகிற பயத்தை அந்த ஏற்பாடு அவனுடைய குணக்கேடாகப் பார்க்கவில்லை. கடலின் இயல்பாகவும் தொழிலின் செலவாகவும் பார்த்தது. மேலே படகில் கயிறு பிடிப்பவர் மைத்துனராகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்வதிலும் அதே கணக்குத்தான்: குளிப்பவனின் உயிரில் கூடப்பிறந்தவளின் தாலி இருக்கிறது, ஆகவே கயிற்றை விடமாட்டான். அரசு கருணையால் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, முத்து வருமானம் நின்றுவிடக் கூடாது என்றுதான் கொடுத்தது. ஆனாலும் பயத்தின் செலவை லாபம் எடுப்பவர் ஏற்றார்.

மனவடுவைப் பற்றிய மருத்துவ அறிவின் வரலாற்றைப் பொதுவாக ஒரு ஏறுமுகக் கதையாகச் சொல்வார்கள். முதலில் முதுகெலும்பில் தேடினார்கள், பிறகு மனத்தில் தேடினார்கள், இப்போது மூளையில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. அதில் உண்மை உண்டு. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் மருத்துவருக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரோ காப்பீட்டு அதிகாரியோ ராணுவத் தளபதியோ நின்றிருக்கிறார். ஒருவனுக்கு வந்த பாதிப்பு நடந்த சம்பவத்தால் வந்ததா, அவனுக்குள் முன்பே இருந்த பலவீனத்தால் வந்ததா என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்து யாரோ ஒருவர் பணம் கொடுக்க வேண்டும், அல்லது தப்பித்துக்கொள்ளலாம். பொறுப்பு யாருடையது என்ற இந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனால், ஐரோப்பிய மருத்துவ வரலாறும் தூத்துக்குடிக் கரையின் வரலாறும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

தொடக்கம் ரயிலில். தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1870களில்தான். அதற்கு முன்பே இங்கிலாந்தில் ரயில் விபத்துகள் ஒரு புது வகை நோயாளிகளை உண்டாக்கியிருந்தன. உடம்பில் காயம் இராது, எலும்பு முறிந்திராது. சில நாளில் தூக்கம் போய்விடும், கைகால் நடுங்கும், வேலையில் மனம் நிற்காது. ஜான் எரிக்சன் என்ற அறுவை மருத்துவர் 1866இல் வெளியிட்ட நூலில், அதிர்வால் தண்டுவடம் பாதிக்கப்படுவதே இதற்குக் காரணம் என்றார். நீதிமன்றங்களில் பயணிகளின் வழக்கறிஞர்களுக்கு இந்த நூல் கைகொடுத்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காயம் என்றால் காயம்தான், நிறுவனம் இழப்பீடு கொடுக்க வேண்டும். 1883இல் ஒரு பெரிய ரயில் நிறுவனத்தின் மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் மறுப்பு எழுதினார். தண்டுவடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பயமே இத்தனை அறிகுறிகளையும் உண்டாக்கப் போதும் என்பது அவர் வாதம். நிறுவனத்தின் பணத்தைக் காப்பாற்றச் சொல்லப்பட்ட இந்த வாதம்தான், பயம் மட்டுமே ஒரு மனிதனை முடக்கிப்போடும் என்ற எண்ணத்துக்கு மருத்துவ நூல்களில் கதவைத் திறந்துவிட்டது.

ஜெர்மனியில் 1884இல் தொழிலாளர் விபத்துக் காப்பீடு வந்தது. 1889இல் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் விபத்தால் வரும் நரம்புக் கோளாறைத் தனி நோயாக அறிவித்தார். கொஞ்ச நாளில் எதிர்ப்புக் கிளம்பியது. பென்ஷன் கிடைக்கும் என்ற ஆசையே நோயாக மாறுகிறது என்றார்கள். 1926இல் அந்நாட்டுக் காப்பீட்டு ஆணையம் இத்தகைய நோய்க்கு இழப்பீடு கிடையாது என்று முடிவுகட்டியது. நோயாளிகள் அப்படியேதான் இருந்தார்கள், கணக்குப் புத்தகம்தான் மூடப்பட்டது.

பெண்களின் கதை இதைவிட மோசம். பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோவும் அவருக்குப் பின் பியர் ழானேயும், தாங்க முடியாத நினைவு மனத்திலிருந்து பிரிந்து தனியே இயங்குவதை நுணுக்கமாக விவரித்தார்கள். வியன்னாவில் ஃப்ராய்ட் 1896இல், ஹிஸ்டீரியாவுக்குப் பின்னால் சிறுவயதில் நேர்ந்த பாலியல் வன்கொடுமை இருக்கிறது என்று வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த ஆண்டே அந்தக் கருத்தைக் கைவிட்டார். அதை ஏற்றால் வியன்னாவின் மதிப்புள்ள குடும்பங்களின் தந்தைமார் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதன்பின் முக்கால் நூற்றாண்டுக் காலம், அந்தப் பெண்கள் சொன்னது நடந்ததாக அல்லாமல் அவர்களுடைய கற்பனையாகவே படிக்கப்பட்டது.

முதல் உலகப் போர் வந்தபோது கேள்வி லட்சக்கணக்கான ஆண்களின் மேல் விழுந்தது. 1915 பிப்ரவரியில் லான்செட் இதழில் சார்ல்ஸ் மையர்ஸ் எழுதிய கட்டுரை ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை மருத்துவ உலகத்துக்குக் கொண்டுவந்தது. இங்கே ஓர் ஒற்றுமையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மையர்ஸும், ஷெல் ஷாக் சிகிச்சையில் பெயர்பெற்ற டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸும் 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஆய்வுக்காகச் சேர்ந்து போனவர்கள். அதுவும் ஆட்கள் மூழ்கிச் சிப்பி எடுக்கும் கடல். அங்கிருந்து திரும்பிய ரிவர்ஸ் பின்னர் நம் நீலகிரிக்கு வந்தார். 1901, 1902இல் அங்குள்ள தோதவப் பழங்குடிகளிடையே தங்கி அவர் எழுதிய பெருநூல் 1906இல் வெளியானது. பிற மக்கள் தங்கள் இறப்பையும் துக்கத்தையும் எப்படிச் சடங்காக்கி நடத்துகிறார்கள் என்று மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த மனிதர், பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் பின் ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில், மனம் உடைந்துபோன ராணுவ அதிகாரிகளின் எதிரே உட்கார்ந்தார். ‘மறந்துவிடு, வேறு நல்லதை நினை’ என்று நோயாளியிடம் சொல்வதே தீங்கு என்று 1917, 1918இல் அவர் வாதிட்டார். நடந்ததைச் சொல்லவிட வேண்டும், ஆனால் அதிலேயே மூழ்கிக் கிடக்கவும் விடக் கூடாது என்ற அவருடைய நடுவழி இன்றைய சிகிச்சைகள் பலவற்றின் உள்ளே இருக்கிறது. மனிதர்களைச் சடங்கோடும் உறவோடும் சேர்த்துப் பார்க்கத் தோதவர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் ரிவர்ஸின் மருத்துவமனை அதிகாரிகளுக்கானது. சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது வேறு. குண்டு அருகில் வெடித்து வந்த பாதிப்பு என்றால் போர்க்காயம், மரியாதையும் பென்ஷனும் உண்டு. குண்டு வெடிக்காமலே மனம் உடைந்தால் வெறும் சீக்கு. பிரிட்டிஷ் ராணுவம் இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்துக் குறி வைத்திருந்தது. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006இல்.

இரண்டாம் உலகப் போரையும், 1941இல் ஆபிராம் கார்டினர் எழுதிய நல்ல நூலையும் தாண்டிப் போகிறேன். சொல்ல வேண்டியது அமெரிக்க மனநோய்க் கையேட்டில் நடந்த விசித்திரம். 1952இன் முதல் பதிப்பில் பெரும் அதிர்ச்சிக்கான ஒரு தலைப்பு இருந்தது. 1968இன் இரண்டாம் பதிப்பில், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது, அது காணாமல் போனது. நான்கு ஆண்டுக்கு முன், 1964 டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிருந்தது. தப்பி வந்தவர்களுக்கு அரிசியும் துணியும் கிடைத்தன. அவர்கள் மனத்துக்கு என்ன ஆனது என்று கேட்க அன்றைய உலக மருத்துவத்திடமும் சரியான சொல் இல்லை.

அந்தச் சொல்லை மீட்டுக்கொண்டு வந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். 1970இலிருந்து நியூயார்க்கில் வியட்நாம் படைவீரர்கள் தாங்களே கூடிப் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷட்டன் என்ற மனநல மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். அதே காலத்தில் பெண்கள் இயக்கம் வன்புணர்வைப் பற்றி வெளியே பேசியது. ஆன் பர்கஸும் லிண்டா ஹோம்ஸ்ட்ராமும் 1974இல் அதன் மனவிளைவுகளை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். 1980இல் வந்த கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. என்ற, அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு இடம்பெற்றது. நோயின் இலக்கணமே வெளியே நடந்த சம்பவத்திலிருந்து தொடங்கியது அதில் புதிது. உன்னிடம் என்ன குறை என்ற கேள்வி போய், உனக்கு என்ன நடந்தது என்ற கேள்வி வந்தது. 1992இல் ஜூடித் ஹெர்மன், ஒரே ஒரு விபத்தையும் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளும் சிறைக்குள்ளும் தொடரும் கொடுமையையும் ஒன்றாக வைக்க முடியாது என்று எழுதினார். முப்பது ஆண்டுக்குப் பிறகு 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது தனிப் பிரிவானது.

இந்த வெற்றிக்கும் எதிர்க்குரல் உண்டு. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் டெரெக் சம்மர்ஃபீல்ட், அரசியல் துன்பத்தை ஒரு மருத்துவச் சீட்டாகச் சுருக்குகிறார்கள் என்று 2001இல் கடுமையாக எழுதினார். அவருடைய எச்சரிக்கை எனக்கு உடன்பாடு. ஆனால் அந்தச் சீட்டுகூடக் கையில் இல்லாதவர்களைப் பார்த்தவர்கள் அதை அவ்வளவு எளிதில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கரைக்கு வருவோம்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் திடீரென்று ஒடுங்கிப்போன பிள்ளையைப் பார்த்து ‘பயந்த கோளாறு’ என்பார்கள். தர்காவில் ஓதிய தண்ணீர், கோயிலில் திருநீறு, தேவாலயத்தில் மந்திரித்த எண்ணெய், கையில் ஒரு கயிறு. நோயாளி சொல்வது பெரும்பாலும் உடம்பின் மொழியில் இருக்கும்: நெஞ்சு படபடப்பு, தலைக் கிறுகிறுப்பு, கைகால் குடைச்சல், தூக்கம் பிடிக்கவில்லை. இதை அறியாமையின் அடையாளமாகப் பார்த்த காலம் இருந்தது. இன்று மேற்கத்திய ஆய்வு திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: அதிர்ச்சி நினைவில் மட்டும் தங்குவதில்லை, இதயத்துடிப்பிலும் மூச்சிலும் வயிற்றிலும் தங்குகிறது. எரிக்சன் முதுகெலும்பில் தேடியது தவறான இடமாக இருக்கலாம். உடம்பில் தேடியது முழுத் தவறு இல்லை.

இதைவிட ஆழமானது செத்தவர்களைப் பற்றிய எண்ணம். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் அமைதியடையாமல் திரும்பி வந்து, தங்களைக் கொன்ற ஊரிடமே படையல் கேட்கிறார்கள். ‘வெட்டுப்பட்ட வாதை’ என்று வில்லுப்பாட்டுக்காரர்கள் சொல்லும் இந்தத் தெய்வங்களின் கதைகளைக் கொடைவிழாக்களில் விடிய விடியப் பாடுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1988இல் இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். தூத்துக்குடியில் இருந்தே பணியாற்றிய பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற நாட்டார் வழக்காற்று அறிஞர்களும் இத்தகைய வழிபாடுகளை நீண்ட காலம் தொகுத்திருக்கிறார்கள். நடந்த கொலையை மறைக்க விடாமல், யார் செய்தது என்பதை ஊர் நடுவே ஆண்டுதோறும் சொல்லவைக்கிற ஏற்பாடு அது. கொன்றவர்களின் வாரிசுகளே பயந்து கொடை எடுத்து நடத்தும் கதைகளும் உண்டு. பொறுப்பை யாரும் மறந்துவிட முடியாது.

ஆனால் மரபைப் போற்றிப் பாடவும் எனக்கு முடியவில்லை. இதே மன்னார் வளைகுடாக் கரையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தர்காவை ஒட்டி நடந்த ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவைத் தேடி மக்கள் வந்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த நம்பிக்கையை வைத்து வியாபாரம் நடந்தது, மருத்துவம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பின்னால் தர்கா வளாகத்திலேயே தொழுகையும் மருந்தும் சேர்ந்து கிடைக்க மாநில அரசு ஏற்பாடு செய்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் புளியம்பட்டி அந்தோனியார் கோயிலுக்கும் மனம் பேதலித்தவர்களைக் குடும்பங்கள் கூட்டிவருகின்றன. சாமியிடம் போகும் வழியில் மருத்துவரும் இருக்க வேண்டும் என்பது ஏர்வாடி விலைகொடுத்துக் கற்றது.

இந்திய மனநல மருத்துவம் பேரிடரின் மனவிளைவை முதன்முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டது 1984இன் போபால் நச்சுவாயுக் கசிவில். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆர். சீனிவாச மூர்த்தி போன்றவர்கள் அங்கே பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பின் 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் மாண்டார்கள். இலங்கை குறுக்கே நின்றதால் தூத்துக்குடியில் சாவு மிகச் சில. ஆனால் மேற்கே குமரிக் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின, தூத்துக்குடிக் கரையிலும் கடலைப் பார்க்கவே பயந்து வள்ளங்கள் கரையில் கிடந்தன.

உலகெங்கிலுமிருந்து ஆலோசகர்கள் வந்து குவிந்தார்கள். பலர் கொண்டுவந்தது, 1983இல் ஜெஃப்ரி மிட்செல் தீயணைப்பு போன்ற அவசரப் பணியாளர்களுக்காக உருவாக்கிய முறை: சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்வது. ஒரே அமர்வில் இப்படிச் செய்வதால் பிற்கால நோய் தடுக்கப்படுவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் மதிப்பாய்வு 2002இலேயே சொல்லியிருந்தது. அலைக்குப் பின் நடந்த குழப்பங்களும் சேர்ந்து, 2007இல் சர்வதேச அமைப்புகள் பொதுவான நெறிமுறை ஒன்றை வெளியிட்டன. பாதுகாப்பு, உறவினரைச் சேர்த்து வைத்தல், சோறு, தகவல் ஆகியவை முதலில். பேச விரும்புகிறவர் பேசட்டும், யாரையும் வற்புறுத்த வேண்டாம். சிகிச்சை தேவைப்படுகிற சிலரைக் கண்டுபிடித்து நல்ல சிகிச்சை கொடுக்க வேண்டும். 2009இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மனநலத்துக்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டது.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகள் இந்த மாற்றத்துக்கு வலுச் சேர்த்தன. ஒரு மீனவக் கிராமத்தில் சுரேஷ் குமார் குழுவினர் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் 12.7 விழுக்காட்டினருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. யாருக்கு அதிகம்? பெண்களுக்கு, காயம்பட்டவர்களுக்கு, வீட்டில் வருமானமே இல்லாமல் போனவர்களுக்கு. ஆகவே வருமானம் தரும் வேலையும் மனச்சிகிச்சையின் பகுதியாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்களே எழுதினார்கள். வலை கொடுப்பது மீன்வளத் துறையின் வேலை, மனம் எங்கள் வேலை என்ற பாகப்பிரிவினை அந்த ஒரு கட்டுரையில் உடைந்துபோகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆன்டோ ராஜ்குமார், பிரதாப் தாரியன் குழு நாகைக் கிராமங்களில் மக்களோடு கூட்டாக உட்கார்ந்து பேசி 2008இல் வெளியிட்ட ஆய்வு, குடும்பமும் ஊர்க் கட்டுப்பாடும் தெய்வ நம்பிக்கையும் பெரும்பாலோரைத் தாங்கிப் பிடித்தன என்று காட்டியது. சென்னையில் லட்சுமி விஜயகுமார், அந்தந்தப் பகுதி மக்களிலேயே தொண்டர்களைப் பயிற்றுவித்து, இழவு வீடுகளுக்குப் போய்ப் பேசவைத்தார். அவர்கள் போன வீடுகளில் மனச்சோர்வு குறைந்தது. நிபுணர்கள் போதாத நாட்டுக்கு இது பெரிய பாடம்.

2004இல் பெரும்பாலோருக்குச் சடலமாவது கிடைத்தது. 2017 நவம்பர் 29, 30இல் ஓகி புயல் குமரிக்கு அப்பால் ஆழ்கடலில் சிக்கியவர்களைக் கொண்டுபோனபோது பல வீடுகளில் அதுவும் இல்லை. அமெரிக்காவின் பாலின் பாஸ், போரில் காணாமல்போன விமானிகளின் மனைவியரோடு 1970களில் வேலை செய்தபோது இந்த வகைத் துயரத்தைத் தனியே அடையாளம் கண்டார். ஆள் இல்லை, ஆனால் சாகவும் இல்லை. தாலியைக் கழற்றினால் துரோகம், கழற்றாவிட்டால் பைத்தியம் என்ற நிலை. கடற்கரைக்கு இது ஒன்றும் புதிதில்லை. சட்டம் என்ன சொல்கிறது? 1872இன் சாட்சியச் சட்டமும் இப்போது அதன் இடத்துக்கு வந்த புதுச் சட்டமும், ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்கின்றன. 2022இன் உலக நோய்ப் பட்டியலோ, தன் சமூகத்தின் வழக்கத்தையும் மீறி ஆறு மாதத்துக்கு மேல் நீளும் கடுந்துக்கத்தை நோயாகக் கருதலாம் என்கிறது. மருத்துவக் கணக்கில் ஆறு மாதம், சட்டக் கணக்கில் ஏழு ஆண்டு. இடைப்பட்ட ஆறரை ஆண்டுக் காலம் ஒரு மீனவர் மனைவி துக்கத்தை முடிக்கவும் முடியாது, அதற்கான நிவாரணத்தை உரிமையோடு கேட்கவும் முடியாது. ஊரறிந்த பெரும்புயலில் அரசு நினைத்தால் விதியைத் தளர்த்தலாம். ஒரு சாதாரண நாளில் தனியாகப் போய்த் திரும்பாத வள்ளத்துக்கு யார் தளர்த்துவார்கள்?

கடலுக்கு எதிர்ப்பக்கம் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த போரை நேரில் கண்ட யாழ்ப்பாண மருத்துவர் தயா சோமசுந்தரம் இன்னொரு பெரிய திருத்தத்தைச் செய்தார். 1998இல் வந்த அவர் நூல் தனிமனித மனங்களின் வடுவைப் பேசியது. பின்னர் வந்த எழுத்துகளில், 2007இன் கட்டுரையிலும் 2014இன் நூலிலும், குடும்பமும் ஊருமே வடுப்படுவதைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரனை நம்ப முடியாமை, வாயை மூடிக்கொள்ளும் பழக்கம், எதிலும் முன்னே நிற்க ஆளில்லாமை ஆகியவை ஒரு சமூகத்தின் அறிகுறிகள். தனித்தனியாக மாத்திரை கொடுத்து இவற்றைக் குணப்படுத்த முடியாது. சமூகத்தின் சடங்குகள் தடுக்கப்பட்டால் துக்கம் முடிவதில்லை என்பதையும் ஈழத்து அனுபவம் சொல்கிறது. அந்தப் போரிலிருந்து ஓடிவந்தவர்கள் தூத்துக்குடி மாவட்டத்திலும், தாப்பாத்தி முகாமில் ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்கிறார்கள்.

சோமசுந்தரத்தின் கண்ணால் பார்த்தால்தான் 2018 மே 22 தூத்துக்குடிக்கு என்ன செய்தது என்று புரியும். ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன கூட்டத்தின் மேலும், திரேஸ்புரத்திலும், மறுநாளும் காவல்துறை சுட்டது. 13 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அடுத்த நாட்களில் வீடு வீடாகக் கைது நடந்தது. இயற்கைப் பேரிடருக்கும் மனிதர் செய்யும் கொடுமைக்கும் மனவிளைவில் வேறுபாடு உண்டு என்று ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அலையைப் பற்றி, அது ஏன் நம்மைக் கொன்றது என்று கேட்டுவிட்டு வானத்தைப் பார்க்கலாம். துப்பாக்கியைப் பற்றி அப்படிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அடுத்த தெருக் காவல் நிலையத்தில் இருக்கிறார்.

இதே மாவட்ட வரலாற்றில் 1908 மார்ச்சும் இருக்கிறது. வ.உ.சி. கைதுக்குப் பின் திருநெல்வேலியில் போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகு நிறுத்தப்பட்ட தண்டப் போலீஸின் செலவு ஊர்மக்கள் தலையில் விழுந்தது. அடிபட்டவனே அடித்ததற்கும் கூலி கொடுத்தான். அந்த இடத்திலிருந்து பார்த்தால் 2018க்குப் பின் நடந்தது நகர்வுதான். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை, துப்பாக்கிச் சூட்டுக்குக் காவல்துறையினரையும் அன்றைய மாவட்ட நிர்வாகத்தையும் பொறுப்பாக்கியது. என் பார்வையில் அதைவிடக் கவனிக்க வேண்டியது ஓராண்டு முன்னே நடந்தது. ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு, கைதின்போது காயமும் மன உளைச்சலும் அடைந்த 93 பேருக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. கடல்கட்டியின் சம்பளத்துக்குப் பிறகு, இந்தக் கடற்பகுதியில் மனத்துக்கு நேர்ந்ததை அரசு தன் கணக்கில் எழுதிய தருணமாக இதை நான் பார்க்கிறேன்.

போதுமா என்றால் போதாது. அன்று கண்முன்னே சுடப்பட்டதைப் பார்த்த பிள்ளைகள், விடுதலையான பின்னும் இரவில் கதவு தட்டும் சத்தத்துக்கு நடுங்குகிறவர்கள், இறந்தவர்களின் தாய்மார், எவருமே அந்த எண்ணிக்கைக்குள் முழுசாக இல்லை. பணம் ஒருமுறை வந்தது, தொடர்ந்து பார்க்கும் மருத்துவம் அதனுடன் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே 22 அன்று நினைவேந்தலுக்குப் போகிறவர்கள் காவல் வரிசையைத் தாண்டித்தான் போகிறார்கள். யாரைக் கண்டு பயமோ அவர்களிடமே அனுமதி கேட்டுத் துக்கம் கொண்டாட வேண்டியிருக்கிறது.

அரசு எதை எண்ணுகிறது என்பதை அடுத்து வந்த வெள்ளமும் காட்டியது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது, உப்பளங்கள் கரைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். வருவாய்த் துறை வீடு, கால்நடை, பயிர் என்று எண்ணியது. வலையையும் படகையும் மீன்வளத் துறை எண்ணியது. எண்ணத் தெரிந்த அரசுதான் இது. அந்தக் கணக்கெடுப்புக் குழுவோடு மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆள் ஒருவரும் அதே வீடுகளுக்குப் போகலாம். தூக்கம் வருகிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, மழை இருட்டினால் என்ன ஆகிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், பயிற்றுவித்த ஊர்ப் பெண் ஒருத்தி போதும். தேவைப்படுகிறவர்களை அவள் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்க்கலாம். காணாமல்போன மீனவரின் வீட்டுக்கு ஏழு ஆண்டுக் கெடுவைக் காரணம் காட்டாமல், முதல் மாதத்திலிருந்தே இடைக்கால உதவித்தொகை போகலாம். இரண்டையும் ஓர் அரசாணையால் செய்ய முடியும், 2021இல் 93 பேருக்குச் செய்த மாதிரி.